மாஸ்டா ரோட்டரிக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில்: நாலு வருஷம், மூன்று கப்ளிங்

சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு வருகிற பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, இது பறக்குமா?" என்பதுதான். பறக்காது. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பூட்டுகிற அதே ஜோடியை, அதாவது பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர் சுழலும் 13பி ரோட்டரி இன்ஜினையும், அதன் வேகத்தைக் குறைக்கும் 2.85க்கு 1 பிளானட்டரி கியர்பெட்டியையும், 72 அங்குல விசிறியோடு ஒரு படகில் ஏற்றியிருக்கிறேன். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் இதுவரை 310 மணி நேரம் ஓடியாயிற்று.

இன்ஜின் ஹாப்-கட் கடையில், அதாவது வெட்டி எடுத்த பழைய கார் பாகங்கள் விற்கும் கடையில் வாங்கியது. பெட்ரோலைக் குடிக்கும், வேறு குறையில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்றில்தான் அதற்குத் தெம்பு வரும். விசிறியை நேராகப் பூட்டினால் அந்த வேகத்தில் நுனி ஒலியை மிஞ்சிவிடும். காது கிழியும், தள்ளு வராது. பெட்டி அதை 2,100 சுற்றாக இறக்கித் தருகிறது.

வம்பெல்லாம் இரண்டுக்கும் நடுவில்தான். 'ரோட்டரி அதிராது' என்று நானும் நம்பினேன். உடம்பு அதிராதுதான். ஆனால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ரோட்டரும் ஆளுக்கொரு முறை வெடிக்கின்றன. 1,800 சுற்றில் நொடிக்கு 60 உதை. அந்தப் பக்கம் கனமான விசிறி, அசைந்து கொடுக்காது. உதைக்கும் விசிறிக்கும் இடையில் முறுக்குப்படுவது, இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கப்ளிங்.

முதலில் போட்டது கெட்டி இரும்புத் தட்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் ஊன்றிக் காதை வைத்தால், உள்ளே யாரோ சோழி குலுக்குகிற மாதிரி இருக்கும். 40 மணி நேரத்தில் கழற்றிப் பார்த்தேன். தண்டு பெட்டிக்குள் பொருந்துகிற பல்வரிசையான ஸ்ப்லைனின் பள்ளங்களில் காய்ந்த குங்குமம் போலச் சிவப்புத் தூள். இரும்பு இரும்பை அரைத்த துரு.

செம்பனை ஆலையில் 11 வருஷம் பிட்டராக இருந்தவன் நான். அங்கே பம்புகளில் கப்ளிங்கின் இரண்டு பாதிக்கும் நடுவில் வைக்கிற நட்சத்திர வடிவ ரப்பர், அதாவது ரப்பர் ஸ்பைடர், வருஷக்கணக்கில் உழைக்கும். அதையே போட்டேன். மேல் வேகத்தில் அருமை. மெதுவாக ஓடும்போதுதான் அதன் அதிர்வெண்ணும் இன்ஜின் உதையும் ஒத்துப்போய், ரப்பர் உள்ளுக்குள்ளேயே வெந்து, அழிரப்பர் தூளாக உதிர்ந்தது. தாத்தா பால் வெட்டிய ஊரில் ரப்பரே என்னைக் கைவிட்டது!

இப்போது இருப்பது கிளட்ச் நடுத்தட்டு மாதிரி, சுற்றிலும் ரப்பர் போன்ற பாலியூரித்தேன் புஷ் வைத்தது. ஸ்பைடரைவிட நன்றாக இளகிக் கொடுப்பதால் அந்த ஒத்துப்போகிற ஆட்டம் 1,200 சுற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் ஒரு 'கடகட', அதோடு சரி. புகைக்குழாய்ச் சூடு புஷ்ஷைத் தின்பதால் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. 100 மணிக்கு ஒருமுறை புஷ் மாற்றுகிறேன், 50க்கு ஒருமுறை ஸ்ப்லைனுக்குக் கிரீஸ். தட்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் போல்ட்டை இறுக்கவே மாட்டேன்.

இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்க்ரூவை 1,800இல் வைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மச்சான் ஒருநாள் அதை 1,100க்கு இறக்கி, அரை மணி நேரம் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று பிளந்த புஷ் இன்னும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.