ரெகுலேட்டர் முன்னாலா, பின்னாலா? டர்போ காருக்கு ரிட்டர்ன் லைன்

டர்போ போட முடிவெடுத்ததும் ஆளாளுக்குப் பெரிய பம்ப்பைத்தான் தேடுகிறார்கள். பெட்ரோல் எப்படிப் போய் எப்படித் திரும்பும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

ரிட்டர்ன் என்பது மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய். அது இல்லாத அமைப்பில், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். என்ஜினுக்கு ஒரே குழாய். அழுத்தம் நிலையாக 3 பார் என்று வைத்துக்கொள்வோம். மேனிஃபோல்டில், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் வழியில், டர்போ தரும் அழுத்தம் (பூஸ்ட்) 1 பார் ஏறினால், பெட்ரோலைத் தள்ள மிஞ்சுவது 2 பார். பாய்வது சுமார் 18% குறையும், அதுவும் என்ஜின் அதிகம் கேட்கும் நேரத்தில். டர்போவோடே வந்த கார் என்றால் கம்ப்யூட்டரே சமாளித்துக்கொள்ளும். பவரை ஏற்றாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

ரிட்டர்ன் அமைப்பில் பூஸ்ட் ஏற ஏற ரெகுலேட்டரும் அதே அளவு ஏற்றும்: 1 பாருக்கு ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாயில்) 4 பார். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

டேங்க் பக்கம் வைத்தால் ஹோஸ் செலவு குறைவு. என்ஜினில் சூடான பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாது. நம் ஊர் வெக்கைக்கு அது நல்ல லாபம். ஆனால் பூஸ்ட் குழாயைக் கார் நீளத்துக்கும் இழுக்க வேண்டும். ஃபில்டரிலும் குழாயிலும் விழும் அழுத்தம் ரெகுலேட்டருக்குத் தெரியாது. சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நின்றால் ரெயிலில் இருக்கும் பெட்ரோல் அங்கேயே கிடந்து வேகும்.

என் ஓட்டு முன்பக்கத்துக்கே. பெட்ரோல் ரெயிலின் ஒரு முனையில் நுழைந்து, மறுமுனையில் வெளியேறி, ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கு. ரெயிலில் உள்ள அழுத்தத்தையே அது பார்க்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, டேங்க் சூடாவது. மலேசியா போக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்ட முக்கால் டேங்க் கட்டாயம் என்பதால் கிளம்பும்போது அந்தச் சூடு தெரியாது. அங்கே செப்பாங் பந்தயத் தடத்தில் சில சுற்று ஓடி டேங்க் வற்றியதும் தெரியும்.

ரிட்டர்ன் குழாயில் கஞ்சத்தனம் கூடாது. ஐடிலில் பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி அதில்தான் திரும்புகிறது. சோதிக்க, ஐடிலில் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை (பூஸ்ட் குழாயும் அதுவே) கழற்றி அடைத்துவிட்டு, ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். மீட்டர் முள் 3 பாருக்கு இறங்காமல் மேலேயே நின்றால் ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள். முதலில் குழாய் ஒல்லியா, எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். டேங்கில் அதன் வாய் பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கட்டும், ஆனால் பம்ப் உறிஞ்சும் இடத்தை விட்டுத் தள்ளி. நுரை பம்ப்புக்குள் போகக் கூடாது.

ஹோஸில் ரப்பர் மலிவு, சுலபமாக வளையும். நாளாக நாளாக வாடை கசியும். புளோக் கார்பார்க்கில் பக்கத்து வண்டிக்காரர் மூக்கைப் பிடிப்பார். டெஃப்லான் ஹோஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் இறுக்கி வளைத்தால் நசுங்கும். எதுவானாலும் ஹோஸை டர்போவை விட்டு விலக்கியே கொண்டு போங்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைச் சாமான் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். எல்லாம் மாட்டியபின் முதலில் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயிண்டையும் டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.