வண்ணாரப்பேட்டை பைண்டிங் கடை: பழைய புக்க நம்பி குடுக்கலாம்

வீட்டுல பழைய புக்கு வச்சிருக்கறவங்களுக்காக இத எழுதுறேன். பழைய வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோட்டு துணிக்கடை நெரிசல தாண்டி ஒரு சந்துக்குள்ள போனா போர்டு கூட இல்லாத ஒரு பைண்டிங் கடை, ஒரு பாயும் அவரு தம்பி மகனும் மட்டும்தான், வாசல்ல ரெக்கார்டு நோட்டும் கணக்கு லெட்ஜரும் அடுக்கி இருக்கும், அத பாத்துட்டு திரும்பிடாதீங்க, உள்ள போயி கேளுங்க.

நான் குடுத்தது வங்காளி புக்கு. ஹவுரா பக்கம் ஒம்போது வருசம் வேலை பாத்தேன், அப்ப கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் பிளாட்பாரப் புக்குக் கடைங்கள்ல ஒண்ணொண்ணா சேத்தது, 'சாகித்ய சாதக் சரிதமாலா'ன்னு ஒல்லி ஒல்லியா 31 புக்கு. எழுதினவரு பிரஜேந்திரநாத் பந்தோபாத்யாய், 1891ல பொறந்து 1952ல செத்துட்டாரு. டைப்பிஸ்ட்டா வாழ்க்கைய ஆரம்பிச்ச மனுசன், அப்புறம்தான் 'பிரவாசி', 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகைக்கு உதவி ஆசிரியரா வந்தாரு. 1818ல செராம்பூர் மிஷன்காரங்க ஆரம்பிச்ச 'சமாசார் தர்பண்' மாதிரி பழைய பேப்பருங்கள உக்காந்து பொரட்டி, 1840 வரைக்கும் வந்த சேதிங்கள எடுத்து 'சங்பாத்பத்ரே செகாலேர் கதா'ன்னு தொகுத்தாரு. படிப்பு, மதம், நாடகம், கல்யாணம்னு அந்தக் காலத்து கல்கத்தா அதுல அப்படியே கண்ணு முன்னாடி நிக்கும். யாரோ சொன்னாங்கன்னு எழுத மாட்டாரு, அச்சுல இருக்கா, எந்த தேதி, அதான் அவருக்கு கணக்கு.

சரிதமாலாவும் அப்படித்தான். பங்கீய சாகித்ய பரிஷத்ங்கற வங்காளி இலக்கியச் சங்கம் 1939லேருந்து போட்ட வரிசை, ஒரு எழுத்தாளருக்கு ஒரு புக்கு, வாழ்க்கை கொஞ்சம், அப்புறம் அவரு எழுதின ஒவ்வொரு புக்கும் எப்ப வந்துச்சுன்னு வரிசையா பட்டியல். நம்ம பக்கம் ஜான் மர்டாக் 1865ல தமிழ் அச்சுப் புத்தகங்களுக்கு பட்டியல் போட்டாரே, அந்த மாதிரி பொறுமை இருந்தாதான் முடியும். இதுல மைக்கேல் மதுசூதன் தத்துக்கும் ஒரு புக்கு இருக்கு. அவரு 1848லேருந்து 1856 வரைக்கும் நம்ம மெட்ராஸ்ல வாத்தியார் வேலை பாத்தவரு, 'தி கேப்டிவ் லேடி'ங்கற இங்கிலீஷ் கவிதை புக்கு 1849ல இங்கதான் அச்சாச்சு. வங்காளத்தோட பெரிய கவிஞன் இந்த ஊருத் தண்ணி குடிச்சு எட்டு வருசம் இருந்திருக்கான்னு நெனைக்கறப்ப எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

நான் ஏன் இவ்ளோ பயந்தேன்னா, முன்னாடி வேற ஒரு எடத்துல நாலு புக்கு குடுத்து கெட்டுப்போச்சு. மேலட்டைய கிழிச்சு குப்பைல போட்டுட்டாங்க, ஓரத்த மெஷின்ல ஆழமா வெட்டினதுல ஒண்ணுல கீழ இருந்த வருசமே போச்சு. தேதிக்காக உசுர விட்ட மனுசனோட புக்குல தேதிய வெட்டினா என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

பாய் மொத கேள்வியே "அட்டைய உள்ள வச்சு தைக்கணுமா சார்?"ன்னுதான். வெட்டவே வேணாம்னேன், சரின்னு எழுதி வச்சுக்கிட்டாரு. துருப்பிடிச்ச கம்பிப் பின்னுங்கள சின்னக் கத்தியால தூக்கி ஒவ்வொண்ணா எடுத்தாரு, தாள் மடிப்பு விட்டுப்போன எடத்துல மெல்லிசான டிஷ்யூ பேப்பர் ஒட்டினாரு, மைதா பசைல மயில்துத்தம் கலந்து காய்ச்சறாரு, பூச்சி வராதாம். அவருக்கு வங்காளி படிக்க வராது, அதனால என்னையே ஒரு அட்டைல அவங்க நம்பர் பூஜ்ஜியத்துலேருந்து ஒம்போது வரைக்கும் எழுதி பக்கத்துல நம்ம நம்பரையும் போடச் சொல்லி செவுத்துல ஒட்டிக்கிட்டாரு. அவங்க நாலு பாக்க எட்டு மாதிரி இருக்கும், ஏழு ஒம்போது மாதிரி, அந்த ரெண்டையும் மட்டும் ரெண்டு தடவ கேட்டு சிவப்புல வட்டம் போட்டாரு. 31ல ஒரு பக்கம் கூட மாறல, வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்துட்டேன்.

அஞ்சஞ்சு புக்கா சேத்து ஆறு வால்யூம், கடைசில மட்டும் ஆறு. முதுகுல கருநீல காலிக்கோ துணி. ஒரு வால்யூம் 450 ரூபா வாங்கினாரு, நூலு போட்டு கையால தைக்கறதுக்கு இது ஜாஸ்தி இல்ல. கொறைனு சொன்னா டைம்தான், மூணு வாரம்னு சொல்லி ஏழு வாரம் ஆச்சு, ஸ்கூல் தெறக்கற மாசத்துல குடுத்தா இன்னும் இழுக்கும். போன்லயும் சரியா பேச மாட்டாரு, நேர்ல போங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வேணாம்.

முதுகுல தங்க எழுத்துக்கு அவருகிட்ட வங்காளி அச்சு கெடையாது, தமிழும் இங்கிலீஷும்தான். தமிழ்லயே போடுங்க பாய்னு சொல்லிட்டேன். இப்ப என் பெரம்பூர் வீட்டு அலமாரில ஆறு நீல முதுகுலயும் 'சாகித்ய சாதக் சரிதமாலா'ன்னு தமிழ்ல மின்னுது, உள்ள பழைய மேலட்டை ஒவ்வொண்ணும் அதது எடத்துல, வருசத்தோட.