நான்கு குளிர்காலம், ஒரு மர புரொப்பெல்லர்

பக்கத்து விமானத் திடலில் ஜே-3 கப் என்ற சின்ன விமானம் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய புரொப்பெல்லரை மாற்றும் வேளை வந்துவிட்டதாம். "அலுமினியமா, மரமா? நீங்கள்தான் நான்கு வருடமாக மரத்தோடு குடித்தனம் நடத்துகிறீர்களே, சொல்லுங்கள்." ஒரு வரியில் பதில் வரும் என்று நினைத்திருப்பார். ஆனால் கேட்ட நாள் சரியில்லை. அன்று காலையில்தான், போல்ட் கழன்றுவிடாமல் முறுக்கிக் கட்டும் சேஃப்டி வயரின் முனை குத்தி என் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஏறியிருந்தது. அதனால் பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

என்னுடையது 1946-இல் செய்த ஏரோன்கா 7ஏசி சாம்ப். ஓஹையோ மாநிலம் மிடில்டவுனில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி, மறுபடி ஓஹையோவிலேயே ஒரு புல் ஓடுபாதையின் ஓரம் வந்து நிற்கிறது. ஏ-65-8எஃப் எஞ்சின். ஸ்டார்ட்டர், பேட்டரி எதுவும் கிடையாது. கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கப் வைத்திருப்பவருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் அதே 65 குதிரைத்திறன், அதே 1220 பவுண்டு உச்ச எடை.

நான் ஆசைப்பட்டு மரத்துக்குப் போகவில்லை. விமானத்தை வாங்கும்போது அதில் இருந்தது அலுமினியம்தான். எஞ்சினைப் பிரித்த சமயத்தில், இதையும் ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று பட்டறைக்கு அனுப்பினோம். கல் பட்டு பிளேடில் சின்னக் காயம் விழுந்தால்கூட அதை அப்படியே விடக்கூடாது, அங்கிருந்து விரிசல் ஓடும். அரத்தால் நைசாகத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் பொறுப்பானவர்கள் போலிருக்கிறது. தேய்த்துத் தேய்த்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பிளேடின் தடிமன் அனுமதித்த அளவுக்குக் கீழே போயிருந்தது. இனி சுவரில்தான் மாட்டலாம் என்றார்கள். மாட்டியிருக்கிறேன்.

சரி, புதிதாக என்ன வாங்குவது? இதில் நம் இஷ்டம் அதிகம் செல்லாது. ஒவ்வொரு விமான ரகத்துக்கும் எதையெல்லாம் மாட்டலாம் என்று சொல்லும் வகைச் சான்றிதழ் ஒன்று உண்டு. சாம்புக்கு ஏ-759, கப்புக்கு ஏ-691. அந்த ஆவணத்திலோ, மாற்றங்களுக்காக யாராவது பெற்று வைத்திருக்கும் துணைச் சான்றிதழிலோ பெயர் இருந்தால்தான் அந்த புரொப்பெல்லரை மாட்டலாம். கார்பன் ஃபைபரில் அழகழகாக வருவதைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறினாலும், முதலில் பட்டியலைப் புரட்ட வேண்டும். விட்டம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், நின்ற இடத்திலேயே முழு த்ராட்டில் கொடுத்தால் சுற்று எதற்கு மேல் போகக்கூடாது, எதற்குக் கீழே வரக்கூடாது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அந்த மேல் வரம்புக்கும் கீழ் வரம்புக்கும் நடுவில் இருப்பதுதான் நம் சுதந்திரம்.

அப்புறம் பிட்ச். 42 பிட்ச் என்றால், வழுக்கலே இல்லாமல் காற்றைத் திருகிக்கொண்டு போனால் ஒரு சுற்றுக்கு 42 அங்குலம் முன்னேறும் என்று கணக்கு. நிமிடத்துக்கு 2150 சுற்று என்றால் மணிக்கு 85 மைல் சொச்சம். 44 ஆக்கினால் அதே சுற்றில் கிட்டத்தட்ட 90. தாளில் எழுதிப் பார்க்கும்போது 44 இனிக்கத்தான் செய்யும். ஆனால் பிட்ச் கூடினால் அதைச் சுழற்ற எஞ்சின் திணறும், சுற்று குறையும். அந்த 65 குதிரையும் முழுசாக வருவது 2300 சுற்றில்தான். ஜூலை வெயிலில், இரண்டு பேரும் 13 கேலன் பெட்ரோலும் ஏறிய விமானம் ஓடுபாதை முடிவில் மக்காச்சோளக் காட்டைத் தாண்டத் தவிக்கும்போது, அந்த நாலைந்து மைல் யாருக்கு வேண்டும்? 72 அங்குல விட்டம், 42 பிட்ச் என்பதிலேயே நின்றேன். இதில் இன்றுவரை வருத்தமில்லை. வேகமாகப் போக ஆசைப்படுகிறவர் சாம்போ கப்போ வாங்கியிருக்கவே கூடாது.

மாட்டும்போது இரண்டு பாடம் கிடைத்தது. மர புரொப்பெல்லரின் நடுப்பகுதி அலுமினியத்தைவிடத் தடிமன், பழைய போல்ட் எட்டாது. போல்ட் தலை மரத்தில் புதையாமல் இருக்க முன்னால் ஒரு உலோகத் தகடும் வேண்டும். இரண்டையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அவை வந்து சேரும்வரை பத்து நாள் புரொப்பெல்லர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பிர்ச் மரத்தைத் தகடு தகடாக ஒட்டிச் செதுக்கியது. வளைவுகளில் ரேகை அலை அலையாக ஓடும். "இதைக் கொண்டுபோய் எண்ணெயிலும் புழுதியிலும் மாட்டத்தான் வேண்டுமா?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு ஏதோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பாடம், எஞ்சினின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர். மாட்டி முடித்து, வாலைக் கட்டி, முழு த்ராட்டில் கொடுத்தால் சுற்று கீழ் வரம்பையே தொட மாட்டேன் என்கிறது. பிட்ச் தப்பாகச் செதுக்கிவிட்டார்கள் என்று முடிவே கட்டி, சூடாக ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்துவிட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் மெக்கானிக் ஒளியை வைத்துச் சுற்று எண்ணும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து காக்பிட்டிலிருந்து காட்டினார். பழைய கேபிள் டாக்கோமீட்டர் 90 சுற்று குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாகவோ! நண்பர் எதை வாங்கினாலும் சரி, வாங்குவதற்கு முன் தன்னுடைய டாக்கோமீட்டரைச் சோதித்துவிடட்டும்.

இனி, நான் எதிர்பார்க்காத சந்தோஷம். சாம்பின் காம்பஸ் திரவத்தில் மிதப்பது. அலுமினியம் இருந்த காலத்தில் அதன் எண்கள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும், கண்ணைச் சுருக்கி ஊகித்துத்தான் படிக்க வேண்டும். எழுபது வயசைத் தாண்டிய விமானம், கை நடுங்காதா என்று விட்டுவிட்டேன். மரத்தோடு முதல் முறை ஏறி, 1000 அடியில் சமன் செய்துவிட்டுப் பார்க்கிறேன், எண்கள் குத்துக்கல் மாதிரி நிற்கின்றன. ரடர் பெடலில் உள்ளங்கால் கூசுவதும் போயிருந்தது. மரம் அதிர்வை உள்ளுக்குள்ளேயே விழுங்கிவிடும் என்று படித்திருந்தேன். ஆனால் இவ்வளவு என்று தெரியாது. மரம் வந்த பிறகு கை மரத்துப்போவதில்லை. மூக்கில் பத்து பவுண்டுக்கு மேல் இறங்கியதில் எடைக் கணக்கையும் புதிதாய்ப் போட்டு எழுதினோம். ஒன்றரை கேலனுக்கு மேற்பட்ட பெட்ரோலின் எடை அது, இந்த மாதிரி விமானத்தில் சும்மா இல்லை.

இவ்வளவு நல்ல பொருளின் மேல் எனக்கு என்ன கோபம்? போல்ட்.

மரம் வெட்டின பிறகும் மூச்சுவிடுவதை நிறுத்துவதில்லை. கோடையில் ஓஹையோவின் ஈரக்காற்றைக் குடித்து உப்பும், ஜனவரியின் வறண்ட குளிரில் சுருங்கும். ஐப்பசி மழைக்கு எங்கள் ஊர் வீட்டு வாசல் கதவு உப்பிக்கொண்டு சாத்தாது, தை பிறந்தால் தானாகச் சரியாகிவிடும், அதே கதைதான். கதவு என்றால் தோளால் ஒரு இடி இடித்துச் சாத்தலாம். இங்கே ஆறு போல்ட். மரம் உப்பினால் தகட்டுக்கடியில் நார் நசுங்கும். சுருங்கினால் பிடி தளரும், அதுதான் பயங்கரம். மர புரொப்பெல்லரை உண்மையில் சுழற்றுவது போல்ட் இல்லை. எஞ்சின் தண்டின் முனைத் தட்டான ஃபிளாஞ்சும் மரமும் இறுகப் பற்றியிருக்கும் உராய்வு. பிடி தளர்ந்தால் மரம் உரசிச் சூடாகும், கழற்றிப் பார்த்தால் மரத்தின் முகத்தில் கரிந்த தழும்பு தெரியும். அதையும் பார்க்காமல் பறந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

அதனால் மாட்டியதும் ஒரு முறை, முதல் பறப்பு முடிந்து ஒரு முறை, 25 மணி நேரம் பறந்ததும் ஒரு முறை, பிறகு 50 மணிக்கு ஒரு முறை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சை வைக்க வேண்டும். பருவம் மாறினால் அதற்கென்று தனியாக. கேட்கச் சின்ன வேலை. செய்து பார்த்தால் தெரியும். பழைய வயரை வெட்டி எடுத்து, எதிரெதிர் போல்டாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இரண்டு பிளேடின் நுனியும் ஒரே தடத்தில் ஓடுகின்றனவா என்று ஸ்டூல் ஒன்றை எதிரில் வைத்துச் சரிபார்த்து, மறுபடி புது வயரை முறுக்க வேண்டும். முறுக்கிய வயர் போல்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். தப்பினால் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து. மெக்கானிக் இருப்பது 40 மைல் தள்ளி. அவருடைய நாளும் என் நாளும் நல்ல வானிலையும் ஒன்றாக அமைய வேண்டும். நான் பறப்பது வருடத்துக்கு எழுபது எண்பது மணி நேரம். அதற்கு நான்கைந்து முறை இந்தச் சடங்கு. மிருதங்கக்காரர் ஏசி ஹாலில் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அவராவது உட்கார்ந்து செய்கிறார்.

இதில் பெரிய கொடுமை, பாதி தடவை எல்லா போல்டும் சரியாகவே இருக்கும். இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம். இனிமேல் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றிய பிறகு வந்ததுதான் போன வாரம்: தண்ணீர் உறையும் குளிர், ஆறில் நான்கு போல்ட் ரென்ச்சுக்குக் கீழே திரும்பின. என்னை வெறுப்பேற்றுவது இதுதான். வீண் வேலை என்று திட்டவும் முடியவில்லை.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. நிறுத்தும்போது பிளேடைக் கிடைமட்டமாக விட வேண்டும், செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்ப் பிளேடில் இறங்கிச் சமநிலை கெடும். மழையில் பறந்தால் முன்விளிம்பின் வார்னிஷ் போகும். என் பிளேடு நுனியில் ஈரம் வெளியேறுவதற்கான பொடி ஓட்டைகள் இருக்கின்றன, வார்னிஷ் பூசும்போது அவற்றை அடைத்துவிடக்கூடாது. இவையெல்லாம் பழகிவிட்டன. போல்ட் மட்டும் பழகவில்லை.

அலுமினியத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். கனம் என்பதால் சுழல் சக்கரம் மாதிரி வேலை செய்யும். கையால் கிளப்பும்போது எஞ்சின் தயங்கினாலும் அது இழுத்துக்கொண்டு போகும், த்ராட்டிலை மூடி மெதுவாக ஓடவிடும் ஐடில் சீராக இருக்கும். மரத்தோடு என் எஞ்சின் ஐடிலில் கொஞ்சம் இருமுகிறது. பிட்ச் பிடிக்காவிட்டால் பட்டறையில் அலுமினியத்தை வளைத்து மாற்றித் தருவார்கள். மரத்தில் செதுக்கியது செதுக்கியதுதான். ஆனால் தரையில் தட்டினால் நிலைமை தலைகீழ். எங்கள் திடலில் ஒருவர் ஈரப் புல்லில் பிரேக்கை அழுத்தி மூக்குக் குப்புற நின்றார். அவருடையதும் மரம். பிளேடு விறகாகிப்போனது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டை டயல் வைத்து அளந்தார்கள், கோணல் இல்லை. அலுமினியமாக இருந்திருந்தால் அந்த அடி நேரே உள்ளே போயிருக்கும்.

ஆக, வழவழப்பு மரத்துக்கு, எடை மரத்துக்கு, அழகு மரத்துக்கு, விழுந்தால் எஞ்சினைக் காப்பதும் மரம்தான். இத்தனையும் நானே எழுதியதுதான். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: அலுமினியம் வாங்குங்கள். எண்ணெய் மாற்றும் தேதியையே மூன்று முறை நினைவூட்ட வேண்டிய மனிதர் நீங்கள். 50 மணிக்கு ஒரு முறை போல்டை நினைப்பீர்கள் என்று நம்பி நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளேடின் தடிமனை மட்டும் அளந்து பார்த்து வாங்குங்கள். காம்பஸ் நடுங்கினால் நடுங்கட்டும். நம் பக்கத்துச் சாலைகள் எல்லாம் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கோடு போட்ட மாதிரிதானே போகின்றன, அதைப் பார்த்தே வீடு வந்து சேரலாம்.