மிக்ரோகாஸ்மோஸ்: பார்டோக் விட்டுச்சென்ற பியானோ வகுப்பு

ஹங்கேரியரான பெலா பார்டோக்கை இசையமைப்பாளராகத்தான் பெரும்பாலோர் அறிவார்கள். ஆனால் 1907 முதல் 1934 வரை புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் அவர் பார்த்தது பியானோ ஆசிரியர் வேலை. பியானோ மேதை லிஸ்ட்டின் மாணவரான இஷ்த்வான் தோமானிடம் படித்து, பிறகு அந்தக் குருவின் இடத்துக்கே வந்தவர். இசையமைப்பைப் பாடமாக நடத்தக் கடைசிவரை மறுத்துவிட்டார். அந்த நீண்ட ஆசிரிய வாழ்க்கையின் விளைச்சல், 1940இல் பூசி அண்ட் ஹாக்ஸ் வெளியிட்ட 'மிக்ரோகாஸ்மோஸ்' என்ற ஆறு தொகுதிகள். 153 உருப்படிகள், 1926 முதல் 1939 வரை எழுதியவை. முழுதையும் வாசிக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். புத்தகத்தை வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்லித்தருபவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரை.

முதல் இரண்டு தொகுதிகளை மகன் பேத்தருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். 1924இல் பிறந்த பேத்தர் ஒன்பது வயதில் அப்பாவிடம் பியானோ கற்கத் தொடங்கினார்; பல உருப்படிகள் அந்தப் பையனின் கைக்குப் போய்த்தான் அச்சுக்கு வந்தன. எந்தச் சிக்கலும் குழந்தையின் தலையில் மொத்தமாக இறங்குவதில்லை என்பதில் அது தெரிகிறது. முதல் ஆறு பாடங்களில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. ஐந்து விரலும் ஐந்து கட்டைகளின் மேல் அப்படியே நிற்கும். கையை நகர்த்த வேண்டாம் என்பதால் பார்வை தாளைவிட்டு இறங்க வேண்டியதில்லை. ஏழாம் பாடத்தில் புள்ளி வைத்த சுரம், ஒன்பதில் தாளம் தள்ளி விழும் அழுத்தம், பத்தில் கைகள் மாறி மாறி வாசிப்பது. கையை இடம் மாற்றும் வேலை 13ஆம் பாடத்தில்தான் வருகிறது.

பாடம் சுலபமாக இருக்கிறதே என்று முதல் ஆறையும் ஒரே வாரத்தில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 22ஆம் பாடத்தில் வண்டி நிற்கும். அங்கிருந்து ஒரு கை சொன்னதை மறு கை சற்றுத் தள்ளித் திருப்பிச் சொல்கிறது. 28, 30, 31 எல்லாம் முறையான கேனான். வலது கையின் வாக்கியம் முடிந்து மூச்சுவிடும் இடத்தில் இடது கை பாதி வாக்கியத்தில் இருக்கும். பழகாத மாணவர் இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கிவிடுவார். சுரம் எதுவும் பிசகாததால் கேட்பவருக்கு எங்கே தவறு என்று உடனே பிடிபடாது, ஆனால் பாடம் செத்துவிடும். இதற்கு வழி: முதலில் இடது கையை மட்டும் வாசித்து வலது கையின் வரியைப் பாட வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். இரண்டும் சரளமாக வந்தபின் கைகளைச் சேர்த்தால் போதும்.

பாடுவது இங்கே நாமாகச் சேர்த்த உத்தி அல்ல. எந்த வாத்தியப் பயிற்சியும் பாட்டில் தொடங்க வேண்டும் என்பது முன்னுரையில் பார்டோக்கே எடுத்துச் சொல்லும் கருத்து. 65, 74, 95, 127 ஆகியவற்றில் குரலுக்கென்றே தனி வரி எழுதியிருக்கிறார். 44, 55 போன்ற சிலவற்றில் இரண்டாவது பியானோவுக்கான வடிவமும் உண்டு. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கலாம். சின்னப் பாடங்களை வேறு சுருதிக்கு மாற்றி வாசிக்கவும் சொல்கிறார். அப்போது கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடக் கூடாது. விரலும் காதும் இடம்பெயர்வதுதானே அந்தப் பயிற்சி.

முதல் நான்கு தொகுதிகளின் கடைசியில் பயிற்சிகள் தனியாக இருக்கின்றன. பல வகுப்புகளில் இந்தப் பக்கங்களைத் திறப்பதே இல்லை. உரிய பாடத்துக்குச் சில நாட்கள் முன்பே இவற்றைக் கொடுக்க வேண்டும் என்பது பார்டோக்கின் ஏற்பாடு. பாடத்தில் மாணவர் திணறிய பிறகு கொடுத்தால் அது தண்டனையாகிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பின்பக்கத்தில் விளக்கக் குறிப்பு இருக்கிறது என்று பொருள். மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) அளவுகளைத் தொடக்கத்தில் வழிகாட்டியாக மட்டும் கொள்ளலாம். ஐந்து, ஆறாம் தொகுதிகளில் அவற்றை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் புத்தகம் சீக்கிரம் திறந்துகொள்ளும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மேஜர், மைனர் இரண்டிலேயே சுற்றிவரும் தொடக்கநிலைப் புத்தகங்களுக்கு நடுவே, இது 32இல் டோரியன், 34இல் ஃப்ரீஜியன், 37இல் லிடியன், 48இல் மிக்ஸோலிடியன் என்ற சுர வரிசைகள் வழியே நகர்கிறது. ஸ்வரஸ்தானக் கணக்கில் இவை கரஹரப்ரியா, ஹனுமத்தோடி, மேசகல்யாணி, ஹரிகாம்போதி. கமகம் கிடையாது, ராக சஞ்சாரமும் கிடையாது, ஆனாலும் "இந்த சுரம் ஏன் இங்கே?" என்று மேற்கத்திய மாணவர் கேட்கும் இடங்களை நம் பிள்ளைகள் கேள்வியில்லாமல் கடந்துவிடுவார்கள்.

அதைவிட நம் காதுக்கு நெருக்கமானவை ஆறாம் தொகுதியின் கடைசி ஆறு உருப்படிகள். பல்கேரிய லய நடனங்கள், 148 முதல் 153 வரை, பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஹாரியெட் கோஹனுக்குக் காணிக்கையானவை. 148இன் கணக்கு 4+2+3: தகதிமி தக தகிட. 149 என்றால் 2+2+3: தக தக தகிட. இது மிஸ்ர சாபு அல்ல. சாபுவில் மூன்று முன்னால் வரும், இங்கே பின்னால். தலைகீழான சாபு, அதாவது விலோம சாபு என்று எண்ணிக்கொண்டால் சரியாக இருக்கும். 150 இரண்டும் மூன்றும்: நம் கண்ட சாபு. 151 தகிட தக தகிட, 152 தக தக தக தகிட, 153 தகிட தகிட தக. கெட்டுப்போகும் இடம் எப்போதும் ஒன்றுதான். நீண்ட பிரிவின் மூன்று எண்ணிக்கைகளை இரண்டின் நேரத்துக்குள் அமுக்கிவிடுவது, அல்லது நான்காக இழுத்து சௌக்கியமான நாலுக்கு நாலாக்கிவிடுவது. எட்டில் ஒரு பங்கு சுரத்தின் வேகம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறவே கூடாது. மெட்ரோனோமை அந்தச் சின்ன அலகுக்கு வைத்து, கட்டையைத் தொடாமல் முதலில் கொன்னக்கோலில் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் முறை) முழு உருப்படியையும் சொல்லிவிட்டு, அப்புறம் உட்காருவது நல்லது. 113, 115 ஆகிய இரண்டும் இதற்கான முன்பயிற்சி என்பதால் நான்காம் தொகுதியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

வாத்தியம் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு தொகுதிகளுக்கு 61 கட்டை கீபோர்டு போதும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதாக இருந்தால். 102ஆம் பாடத்துக்குப் போதாது. அங்கே சில கட்டைகளைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அடிக்க வேண்டும். அதிர்வை அடக்கும் தணிப்பான் விலகிய கம்பிகள் தாமாக அதிர்ந்து ரீங்கரிக்கும். கம்பியே இல்லாத சாதாரண கீபோர்டில் அந்த இடத்தில் ஒன்றும் கேட்காது. கம்பி அதிர்வைச் செயற்கையாக உண்டாக்கும் டிஜிட்டல் பியானோவில் ஓரளவு கேட்கும். உண்மையான பியானோ கிடைக்கும் நாளுக்கு இந்தப் பாடத்தை ஒத்திவைக்கலாம்.

குறைகளும் உண்டு. உட்காரும் விதம், மணிக்கட்டு, தோள் பற்றிப் புத்தகம் கற்றுத்தருவதில்லை. ஆசிரியர் இல்லாமல் தொடங்கினால் இறுகிய கை அப்படியே நிலைத்துவிடும். கட்டைவிரலை உள்ளே நுழைக்கும் வித்தைக்கென்று தனிப்பாடம் 98இல்தான் வருகிறது. கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்கேல் பயிற்சி வேறிடத்திலிருந்து வர வேண்டும். நான்காம் தொகுதியோடு பாக்கின் சிறு உருப்படிகளையும் செர்னியின் பயிற்சிகளையும் சேர்த்து நடத்தும்படி பார்டோக்கே சொல்லியிருக்கிறார். வலது, இடது கைகளுக்கு வெவ்வேறு சுரக் குறிகள் (வரியின் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) போட்ட 99 போன்ற பக்கங்களை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

1940 அக்டோபரில் பார்டோக் ஹங்கேரியைவிட்டு அமெரிக்கா போனார். 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் இறந்தார். 1940இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக இந்தத் தொகுதிகளிலிருந்து அவரே சிலவற்றை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். பழைய ஒலிதான், கொஞ்சம் இரைச்சல் இருக்கும். ஆனால் அழுத்தக் குறிகளை எவ்வளவு பேசுவது போல வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. அவரது மாணவர் கியோர்கி ஷாண்டோரின் பதிவு இரண்டாவதாகக் கேட்கத் தக்கது.

வாங்குகிறவர்கள் 1987இல் வந்த திருத்திய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பழைய அச்சின் பிழைகள் அதில் களையப்பட்டிருக்கின்றன. குழந்தைக்கும் புதிதாகத் தொடங்கும் பெரியவருக்கும் முதல் இரண்டு தொகுதிகள் முதலில் போதும். ஏற்கெனவே ஓரளவு வாசிப்பவர் மூன்றில் தொடங்கலாம், ஆனால் 22இலிருந்து 36 வரை உள்ள கேனான்களை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு. ஆறாம் தொகுதியைத் தனியாக வாங்குவது மேடையில் வாசிப்பவர்களுக்கு மட்டும்.