கடைமடை ஷட்டருக்கு எது: கால்வனைசிங்கா, உலோகத் தெளிப்பா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடைமடை மதகுகளில் உள்ள இரும்பு ஷட்டர்களுக்கு ஒருபுறம் ஆற்றுத் தண்ணீர், மறுபுறம் உப்புத் தண்ணீர். வெறும் பெயிண்ட் அங்கே நெடுநாள் தாங்காது.

கால்வனைசிங்கில், சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் பொருளை முக்கி எடுப்பார்கள். குழாயின் உட்புறம், மூலை, இடுக்கு எல்லா இடத்திலும் பூச்சு ஏறும். போல்ட், நட்டு, கிராதிக்கெல்லாம் இதுவே போதும். ஆனால் தொட்டியில் அடங்காத பெரிய ஷட்டரை என்ன செய்வது? மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

தெளிப்பில், துத்தநாகம் அல்லது அலுமினியக் கம்பியை மின்பொறியில் உருக்கி, அழுத்தக் காற்றால் இரும்பின் மேல் பீய்ச்சுகிறார்கள். இரும்பு அதிகம் சூடேறாது, நெளியாது. மதகடியிலேயே வேலையை முடிக்கலாம். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள இரும்பில் கால்வனைசிங் பூச்சின் தடிப்பு சராசரியாகக் குறைந்தது 85 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும் என்பது தர அளவு. தெளிப்பிலோ 200 மைக்ரான் சர்வசாதாரணம்.

தெளிப்பில் காலை வாருவது முன்வேலைதான். பூச்சு இரும்பின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மணல் போன்ற கடினத் துகள்களை வேகமாக இரும்பின் மேல் அடித்து, துருவை முழுக்க நீக்கி, இரும்பு மறுபடி ஈரம் காணும் முன் தெளித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்குபவரை என்ன சொல்ல! மேட்டூர் அணை வழக்கமாக மூடியிருக்கும் கோடையே தோது. நுண்துளைகளை அடைக்க மேலே சீலரும் அவசியம், செலவும் கூடும்.

உப்புத் தண்ணீர் படும் பெரிய ஷட்டர் என்றால் நான் அலுமினியத் தெளிப்பைத்தான் கேட்பேன். அதன் போல்ட்டுகள் மட்டும் கால்வனைசிங்குக்குப் போகட்டும்.