டாங்கிள், ஆக்டிவேஷன், சந்தா: டிடிபி கடைக்கு எதில் தொல்லை குறைவு?

திருட்டு சாஃப்ட்வேரை ஒழிக்க வந்த பூட்டுகள், சோதனைகள் எல்லாம் கடைசியில் பில் போட்டு வாங்கியவரைத்தான் வாசலில் நிறுத்துகின்றன. பூட்டை உடைத்துக் கிராக் போட்டவர் கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வியே வராது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தரும் வேலை), ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வயிற்றெரிச்சல். அதனால் எந்தப் பூட்டு உறுதியானது என்று நான் பார்க்கப் போவதில்லை. பூட்டு மக்கர் பண்ணினால் எதில் நம் வேலை சீக்கிரம் மீளும் என்பதுதான் கணக்கு.

முதலில் டாங்கிள். தமிழ் எழுத்துரு பேக்கேஜ்கள் பல இப்படித்தான் வந்தன. சாவி மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டைக் கம்ப்யூட்டரில் சொருகினால் சாஃப்ட்வேர் திறக்கும். நெட் வேண்டாம், லாகின் வேண்டாம். ஆனால் துண்டு தொலைந்தால் பல கம்பெனிகளில் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் சொருகும் பழைய டாங்கிளுக்கு இன்றைய கம்ப்யூட்டரில் இடமே இல்லை. இதில் பெரிய வலி, பழைய ஃபைல்கள். அந்த பேக்கேஜின் சொந்தக் குறியீட்டில் அடித்த கல்யாணப் பத்திரிகையை, இன்று எல்லோருக்கும் பொதுக் குறியீடான யூனிகோட் எழுத்துருவில் திறந்தால் மணமகன் பெயர் ஏதோ கிறுக்கலாகத் தெரியும். இருந்தாலும் டாங்கிளில் ஒரு நேர்மை உண்டு: அது கெட்டால் நம் மேஜையிலேயே கெடும், என்ன கெட்டது என்றும் தெரியும்.

ஆக்டிவேஷன் என்றால், வாங்கிய சாஃப்ட்வேரை அந்தக் கம்பெனியிடம் பதிந்து ஒப்புதல் வாங்குவது. இதில் அந்தத் தெளிவு கிடையாது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும் என்றார்கள். நெட் இல்லாதவர் போனில் 50 இலக்க எண்ணை வாசித்துக் காட்டி, பதிலுக்கு 42 இலக்கம் வாங்கி அடிக்க வேண்டும். பக்கத்தில் ஆஃப்செட் மெஷின் ஓடும்போது செய்து பாருங்கள், ஆறுக்கும் ஏழுக்கும் சண்டை வரும். அதைக்கூடப் பொறுக்கலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓஇஎம் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது. வோல்டேஜ் ஏறி இறங்கி போர்டு போய், வாரன்டி இல்லாமல் வேறு போர்டு போட்டால், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸும் விதிப்படி அதோடு போயிற்று.

சரி, நம் பக்கம் எதுவுமே மாறவில்லை என்றால்? 2007 ஆகஸ்ட் 24, 25இல் விண்டோஸ் அசலா போலியா என்று சோதிக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வரில், இன்னும் தயாராகாத புரோகிராமைத் தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். சுமார் 19 மணி நேரம் ஒழுங்காக வாங்கிய எக்ஸ்பி, விஸ்டா கம்ப்யூட்டர்களும் போலி என்று முத்திரை வாங்கின. 12,000க்கும் குறைவுதான் என்று நிறுவனம் சொன்னது. அந்தக் கணக்கில் நம் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருந்தால் எண்ணிக்கை என்ன ஆறுதல்?

சந்தா, வசதியும் வம்பும் கலந்தது. புது வெர்ஷன் தானாக வரும், மொத்தமாகப் பணம் புரட்ட வேண்டாம். ஃபோட்டோஷாப் தரும் அடோபியில் ஆண்டுச் சந்தாக்காரர் 99 நாள் வரை நெட் இல்லாமலும் ஓட்டலாம் என்பதால், ஒரு நாள் நெட் போனதற்குப் பயப்பட வேண்டியதில்லை. லாகின் கேட்கும் நேரத்தில் சர்வர் படுத்தால்தான் வம்பு. 2014 மே மாதம் அவர்களுடைய லாகின் சேவை ஒரு நாளுக்கு மேல் முடங்கியது. மே என்றால் நமக்கு வைகாசி முகூர்த்தம், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பேனர் என்று மூச்சுவிட நேரமில்லாத காலம். “அண்ணா, பத்திரிகை ரெடியா?” என்று நிற்பவரிடம் அமெரிக்காவில் சர்வர் படுத்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

காசு கொடுப்பதை நிறுத்தினால் நம் ஃபைலைத் திருத்த நம்மாலேயே முடியாது என்பது சந்தாவின் இன்னொரு முகம். பக்கம் அமைக்க, சீரியல் நம்பர் மட்டும் கேட்ட பழைய பேஜ்மேக்கரைச் சில கடைகள் இன்னும் விடாமல் வைத்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

பூட்டே இல்லாத இலவச சாஃப்ட்வேர்களும் உண்டு: பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த ஜிம்ப். ஸ்கிரைபஸ் 1.4இல் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறி நின்றதால் நம்மவர்கள் ஓடிவிட்டார்கள். 2024இல் வந்த 1.6இல் அது சரியாகிவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் கோரல்டிரா ஃபைலை இவை எல்லா நேரமும் ஒழுங்காகத் திறக்காது. ஃப்ளெக்ஸ் கடைக்கு அது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

என் கடைக்கு இன்று வாங்குவதானால், பத்திரிகை, நோட்டீஸ் வேலையை யூனிகோடில் ஸ்கிரைபஸுக்கு மாற்றுவேன். வெளி ஃபைல் வாங்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு ஆண்டுச் சந்தா. பழைய டாங்கிளைத் தூக்கிப் போடாமல், பழைய ஃபைல் திறக்க மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் விட்டுவைப்பேன். ஆக்டிவேஷன் உள்ள சரக்கை யாராவது விற்க வந்தால், போர்டு மாறினால் மறுபடி போட்டுத் தருவீர்களா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குவேன்.