தாராவி 90 அடி ரோட்டில் ஒரு தையல்கடை: மூன்று வருடம் போட்டுப் பார்த்த பிறகு

இந்தக் கடையில் மூன்று வருடம் முன்னால் தைத்த முதல் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இங்க் நீலம், முழுக்கை, பருத்தி. வாரத்தில் ஒருநாளாவது அது என் உடம்பில் இருக்கும். காலர் ஒருமுறை திருப்பித் தைத்தாகிவிட்டது, இரண்டு பட்டன் மாற்றியிருக்கிறேன், மற்றபடி ஒரு தையல்கூட விடவில்லை.

நாங்கள் இருப்பது மும்பை சயானில், ஒரு ரூம் கிச்சன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பீரோ. ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதை ஒழிக்கலாம் என்று என் பக்கத்துத் துணியை எல்லாம் இறக்கி எண்ணினால் சட்டை மட்டும் 31. போடுவது ஆறு. மீதி எல்லாம் தள்ளுபடியில் வாங்கியது, நிறம் போனது, அக்குளில் கிழிந்தது, இரண்டு தடவை துவைத்ததும் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இதில் கிழிந்த ரகம்தான் அதிகம், அதற்குக் காரணம் நம் ரயில். காலை எட்டரை மணி ஸ்லோ லோக்கலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை போகிறவர்களுக்குத் தெரியும், தோளில் பை வார் அறுக்கும், அக்குளில் துணி இழுபடும். ஆன்லைனில் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு சட்டை ஏழே மாதத்தில் சரியாக அந்த இடத்தில் விட்டுப்போனது. உள்ளே புரட்டிப் பார்த்தேன், தையலுக்கு அப்பால் கால் இன்ச் துணிகூட இல்லை. ஓவர்லாக் போட்ட விளிம்போடு சேர்ந்து துணியே பிய்ந்துவிட்டது. எதைப் பிடித்து மறுபடி தைப்பது?

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி கொஞ்சமாக வைத்துக்கொள்வோம், ஆனால் பிரித்துத் தைக்க முடிகிற துணியாக வைத்துக்கொள்வோம் என்று.

கடை 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேசை, காஜா எடுக்க ஒரு பையன், அவ்வளவுதான். தைப்பவர் திருநெல்வேலிப் பக்கம், அறுபதை நெருங்கும் வயது, எல்லோருக்கும் அண்ணாச்சி. பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், கையில் இருக்கிற வேலையே முடியவில்லையாம். சரி, நானும் போடவில்லை. ஆனால் அவர் செய்கிற முறையைச் சொன்னால் நீங்கள் உங்கள் டைலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

துணி நாம்தான் கொண்டு போக வேண்டும். நான் கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற மங்கள்தாஸ் மார்க்கெட்டில் எடுக்கிறேன். முதல்முறை போனால் தலை சுற்றும், இரண்டு பக்கமும் கூரை வரை துணி, எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். எங்கள் மாடியில் இருக்கும் தாத்தா ஒருவர் பரேலில் மில் வேலை பார்த்தவர், 1982 வேலைநிறுத்தத்தில் வேலை போனவர், துணி எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விலையைக் கேட்கவே இல்லை. துணியின் ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கித் தேய்த்தார், கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிய துணி என்றால் அந்த இடம் தொளதொளத்துவிடும், மாவு மாதிரிக் கையில் ஒட்டும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இழை இழையாக இடைவெளி தெரிந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார். கடைக்காரர் 100 கவுண்ட், பட்டு மாதிரி இருக்கும் என்றார். தாத்தா 60 கவுண்டில் இரட்டை இழை இருக்கிறதா என்று கேட்டார். கவுண்ட் ஏற ஏற நூல் மெலிசாகும், மெலிசு வழவழப்பாக இருக்கும், ஆனால் ரயிலில் உரசத் தாங்காது. இரண்டு இழையை முறுக்கிய நூல் தாங்கும். இது தெரியாமல் இத்தனை வருடம் கவுண்ட் நம்பர் பெரிதாக இருந்தால் நல்ல துணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலம் குறையும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நனைவதும் சேறாவதும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதுமாக இருக்கிற நம் ஊருக்கு இது முக்கியமான விஷயம். மழைக்காலத்தில் தடிமனான பருத்தி வீட்டுக்குள் காய இரண்டு நாள் ஆகிறது, அதனால் இதுவரை தைத்த ஏழு சட்டையில் இரண்டை லினன் கலந்ததாக எடுத்தேன், கொஞ்சம் சீக்கிரம் காய்கிறது. கசங்கும். கசங்கட்டும்.

கடைக்குத் துணியோடு போனால் அண்ணாச்சி முதலில் கேட்பது, "தம்பி, துணிய நனைச்சுக் கொண்டாந்தியா?" நனைக்கவில்லை என்றால் அளவே எடுக்க மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து எடுத்து வரச் சொல்வார். இரண்டரை மீட்டர் எடுத்த கைத்தறித் துணி ஒன்று காய்ந்த பிறகு அளந்தால் பத்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது. தைத்த பிறகு சுருங்கியிருந்தால் அந்தச் சட்டை என் தம்பிக்குத்தான் போயிருக்கும்.

அளவு எடுத்து முடித்ததும் சாக்பீஸால் கோடு போடும்போது கவனித்தேன், தையல் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு தள்ளிப் போடுகிறார். என்ன என்று கேட்டதற்கு, "பக்கத்துல ஒரு இன்ச்சு உள்ள கெடக்கட்டும், நாளைக்கு ஒதவும்" என்றார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது "வளர்ற பிள்ளை, மடிச்சு உள்ள விட்டுத் தைங்க" என்று சொல்லாமல் கடையை விட்டு இறங்க மாட்டார். ஒவ்வொரு ஜூனிலும் டவுசர் மடிப்பு ஒரு சுற்று இறங்கும். வளர்வது நின்றதும் நாம் அதைக் கேட்பதையே விட்டுவிட்டோம், இடுப்பு மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

பேண்டில் இது நேராகப் பயன்பட்டது. போன வருடம் கால் அடிபட்டு நான்கு மாதம் நடமாட்டம் குறைந்து இடுப்பு ஒன்றரை இன்ச் கூடிவிட்டது. நான்கு பேண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். பின்பக்க நடுத்தையலில் உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து அரை மணி நேரத்துக்கு ஒன்றாக முடித்துக் கொடுத்தார், ஒன்றுக்கு 80 ரூபாய். பழைய தையல் இருந்த இடத்தில் மெலிதாக ஒரு கோடு தெரிகிறது, அடர்நிறத்தில் தெரியவில்லை, காக்கியில் தெரிகிறது. ரெடிமேட் என்றால் நான்கையும் கழித்துக்கட்டியிருக்க வேண்டும்.

காலர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சட்டை முதலில் பழசாவது காலர் மடியும் கோட்டில்தான். வியர்வை, தாடி முள், இரண்டும் சேர்ந்து அந்த ஒரு வரி மட்டும் நைந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும், மற்ற இடமெல்லாம் புதுசாகவே இருக்கும். இங்க் நீலச் சட்டைக்கு இரண்டு வருடத்தில் இப்படி ஆனது. அண்ணாச்சி காலரைக் கழுத்துப் பட்டியிலிருந்து பிளேடால் பிரித்தார், தையல் ஒவ்வொன்றாக, துணியில் ஒரு கீறல் விழாமல். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸைச் சூடு வைத்து ஒட்டாமல் தனியாக வைத்துத் தைத்திருந்தார், அதனால்தான் கொப்புளமே வரவில்லை. காலரை அப்படியே கவிழ்த்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி மறுபடி பட்டிக்குள் செருகித் தைத்தார். 100 ரூபாய். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே எந்தப் பக்கம் பழசு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்தேன், ஒரு இன்ச்சுக்கு 14 தையல். கிழிந்துபோன ஆன்லைன் சட்டையில் 9.

மீதித் துணியைக் கேட்காமலே சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறார். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த பக்கமும் நைந்தால் அதில்தான் புதுக் காலர் வெட்ட வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன தேதி என்பது இங்கே கிடையாது. பத்து நாள் என்றார், 19 நாள் ஆனது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கடை மூன்று வாரம் பூட்டித்தான் கிடக்கும், எந்தத் தகவலும் இருக்காது. இரண்டாவது சட்டையில் அக்குள் இறுக்கிப் பிடித்தது, கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறியது. திருப்பிக் கொடுத்ததும் காசு வாங்காமல் சரிசெய்தார், ஆனால் அதற்கு இன்னும் ஒரு வாரம். டிரையல் பார்க்கும்போது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும். ஃபேஷனாக ஏதாவது படம் காட்டிக் கேட்டால் அவருக்கு ஆர்வம் வராது, நேர்வெட்டுச் சட்டை, நேர்வெட்டுப் பேண்ட், இதுதான் அவர் கை. எனக்கு அதுவே போதும், பத்து வருடம் கழித்தும் அது பழைய பாணியாகத் தெரியாது.

கணக்கு: துணி மீட்டர் 450 ரூபாய், இரண்டரை மீட்டர், தையல் 500. சட்டை ஒன்று 1,625 ரூபாயில் நிற்கிறது. முதலில் கைக்குக் கனமாகத்தான் தெரியும். ஒரே நேரத்தில் ஏழும் தைக்கவில்லை, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று போனேன். பழையதில் போடக்கூடியதை ஊருக்கு அனுப்பினோம், கிழிந்தது தரை துடைக்கப் போனது. இப்போது ஏழு சட்டை, நான்கு பேண்ட், கல்யாணம் காட்சிக்கு இரண்டு வேட்டி. பீரோவில் ஒரு தட்டு முழுசாகக் காலி, அதில் மகள் புத்தகம் வைத்திருக்கிறாள்.

தீபாவளிக்குத் தைக்க வேண்டும் என்றால் ஆகஸ்டிலேயே துணியை நனைத்துக் காயவைத்து எந்த டைலரிடமும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது உள்ளே ஒரு இன்ச் விடச் சொல்லுங்கள்.